பல வருஷம் கழித்து வந்த அடுத்த பாகம்: சேலத்து தியேட்டர் வாசலில் கருத்துக் கேட்பது எப்படி

ஒரு சாகசப் பட வரிசையில் பத்து, பதினைந்து வருஷம் கழித்துப் புதுப் பாகம் வரும்போது, தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி "படம் எப்படிங்க?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வருகிறவர் அன்றைக்கு இரண்டு படம் பார்த்திருக்கிறார். ஒன்று திரையில் ஓடியது. இன்னொன்று சின்ன வயதில் பார்த்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தது. "பழசு மாதிரி இல்லீங்க" என்று அவர் சொல்லும்போது எந்தப் பழசைச் சொல்கிறார், அதை எந்த வயதில், எந்த மொழியில், எங்கே பார்த்தார் என்று தெரியாவிட்டால் அந்த வார்த்தை காற்றோடு போய்விடும்.

சேலத்தில் கல்லூரித் திரைப்பட மன்றம் நடத்துகிறவர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள், சிறுபத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய நான்கு பேரும் இரண்டு வாரமும் போதும். எடுத்துக்காட்டுக்கு ஹாலிவுட்டின் இண்டியானா ஜோன்ஸ் வரிசையையே முழுக்க எடுத்துக்கொள்வோம். தாமதமாக வந்த பாகத்துக்கு அதைவிடத் தெளிவான மாதிரி கிடையாது.

முதலில் ஆண்டுக் கணக்கு

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் படங்கள் வந்த ஆண்டு, கதை நடக்கும் ஆண்டு, நாயகனின் வயது மூன்றையும் எழுதுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு வரும் குழப்பத்தில் பாதியை இதுவே தீர்த்துவிடும்.

படங்கள் வந்தது 1981, 1984, 1989, 2008, 2023. இடைவெளி மூன்று, ஐந்து, பத்தொன்பது, பதினைந்து வருஷம். நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு பிறந்தது 1942 ஜூலையில். முதல் படம் வெளியானபோது அவருக்கு 38, மூன்றாவதில் 46, நான்காவதில் 65, ஐந்தாவதில் 80. கதை நடக்கும் ஆண்டு 1936, 1935, 1938, 1957, 1969. இரண்டாவது படம் முதல் படத்துக்கு முந்தைய கதை என்பதைக் கவனியுங்கள். பலருக்கு இது தெரியாது, "வரிசையாப் பார்த்தேன்" என்று சொல்கிறவர்களுக்குக்கூட.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே கதைக்குள் ஓடியதும் 19 வருஷம், வெளியே ஓடியதும் 19 வருஷம். நாயகன் எவ்வளவு மூப்படைந்தானோ பார்வையாளரும் அவ்வளவு மூப்படைந்தார். முதல் மூன்று படங்கள் 1930களின், 40களின் தொடர் சாகசப் படங்களின் சாயலில் எடுக்கப்பட்டவை. நான்காவது 1957-க்குப் போனதும் எதிரிகள் நாஜிகளிலிருந்து சோவியத் ஆட்களாக மாறினார்கள். புதையலும் சாமி சம்பந்தப்பட்ட பொருளிலிருந்து வேற்றுக்கிரக மண்டையோட்டுக்கு மாறியது, அந்தக் காலத்துப் பறக்கும் தட்டுப் படங்களின் சாயலில். இந்த வரிசையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தெரிந்தே செய்த மாற்றம் அது. "ஏலியன் எதுக்குங்க வந்துச்சு?" என்று சேலத்தில் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்குள் இந்த வரலாறு இருக்கிறது. கருத்துக் கேட்கப் போகிறவருக்கு இது தெரிந்திருந்தால்தான் அடுத்த கேள்வியைச் சரியாகப் போட முடியும்.

இந்தத் தாளை வைத்துத்தான் ஆட்களைப் பிரிக்க வேண்டும். 1989-ல் பத்து வயதானவருக்கு 2023-ல் 44. 2008-ல் பத்து வயதானவருக்கு 2023-ல் 25. ஆனால் வயதை மட்டும் வைத்துப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். நம் ஊரில் எங்கே பார்த்தார் என்பதுதான் பெரிய பிரிவினை. டெக் வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து கேசட் போட்டுப் பார்த்தவர் ஒரு ரகம். டிவியில் தமிழ் டப்பிங்கில் துண்டு துண்டாகப் பார்த்தவர் இன்னொரு ரகம். செல்போனில் போன வாரம் வரிசையாகப் பார்த்து முடித்து வந்த இருபது வயதுக்காரருக்கு ஏக்கம் என்று எதுவும் இல்லை, அவருக்கு அஞ்சு படமும் ஒரே வயசு. நான்காவது ரகம் எதையும் பார்க்காமல் கூட்டாளி கூப்பிட்டதால் வந்தவர். இந்த நான்கு பெட்டிதான் உங்கள் வேலையின் முதுகெலும்பு.

சீட்டு

உள்ளே போகுமுன் ஒரு சீட்டு, வெளியே வந்த பின் ஒரு சீட்டு. முன்சீட்டைத் தவிர்த்தால் வேலை கெட்டுவிடும். படம் முடிந்தபின் "என்ன எதிர்பார்த்து வந்தீங்க?" என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, படம் பிடிக்காதவருக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லாத மாதிரி ஞாபகம் மாறிவிடும்.

ஒரு ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் ஒரு சீட்டு. 25 தாளுக்கு 100 சீட்டு. டப்பிங் காட்சிக்கு வெள்ளை, ஆங்கிலக் காட்சிக்கு மஞ்சள் என்று தாளையே மாற்றிவிடுங்கள், அப்புறம் கலக்காது. முன்சீட்டிலும் பின்சீட்டிலும் ஒரே எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவருடைய இரண்டு சீட்டையும் சேர்க்க அதுதான் வழி. டிக்கெட்டே செல்போனில் இருக்கும் காலத்தில் துண்டுச்சீட்டு கொடுத்தால் இடைவேளைக்குள் தொலைத்துவிடுவார்கள். "இந்த நம்பரைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க" என்று சொன்னால் பத்திரமாக இருக்கும். எழுத பரீட்சை அட்டை நான்கு, பென்சில் ஒரு டஜன். பேனா வேண்டாம், மூடி காணாமல் போகும், மழைச் சாரல் பட்டால் மையும் ஊறும். முன்சீட்டு வாங்கிய எல்லோரும் பின்சீட்டு தர நிற்க மாட்டார்கள். நாற்பது முழு ஜோடி வேண்டுமென்றால் அறுபது முன்சீட்டு கொடுங்கள்.

முன்சீட்டில் நான்கே வரி: வயது, முந்தைய பாகங்களில் எவை பார்த்தது, முதன்முதலில் எங்கே எந்த மொழியில் பார்த்தது, இன்றைக்கு எதைப் பார்க்க ஆசை. கடைசி வரிக்கு இடம் தாராளமாக விடுங்கள். அங்கேதான் "அந்தச் சாட்டை", "அந்த மியூசிக்", "எங்கப்பாவுக்காக வந்தேன்" போன்றவை வரும்.

"எல்லாப் பாகமும் பார்த்துட்டேன்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "நாயகனோட அப்பா எந்தப் பாகத்துல வருவார்?" மூன்றாவது, ஷான் கானரி என்று தெரிந்தவர் உண்மையில் பார்த்தவர். யோசித்துவிட்டு "மம்மி வருமே, அதுதானே?" என்பவர் வேறு வரிசையை இதோடு குழப்பிக்கொண்டவர். அவரைத் தள்ள வேண்டாம், அரைகுறையாகப் பார்த்தவர் என்று சீட்டின் மூலையில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியைப் பரீட்சை மாதிரி கேட்டால் முகம் சுருங்கிவிடும். பேச்சுவாக்கில் கேட்க வேண்டும்.

தியேட்டர் மேலாளரிடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. செவ்வாய், புதன் காலைக் காட்சி ஓடும் நேரம் நல்லது. எத்தனை பேர் நிற்பீர்கள், எங்கே நிற்பீர்கள், எத்தனை நிமிஷம் என்று மூன்றையும் எழுதியே கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உள்ளே உட்கார்ந்து கேட்பது

அரங்கத்துக்குள் கூட்டம் போடும் சத்தம், வாசலில் அது சொல்லும் வார்த்தையைவிட நேர்மையானது. இரண்டு பேர் உள்ளே இருக்கட்டும், ஒருவர் முன் வரிசைகளில், ஒருவர் பின்னால். இருவரும் கைக்கடிகாரம் கட்டியிருக்க வேண்டும். சென்சார் சான்றிதழ் திரையில் வந்த நேரத்தை முதல் வரியாக எழுதி, அதிலிருந்து நிமிஷக் கணக்கு வையுங்கள். குறிகள் ஐந்து போதும்: விசில், கைதட்டல், சிரிப்பு, நிசப்தம், போன் வெளிச்சம். ஆறாவதாக, யாராவது எழுந்து வெளியே போனால் ஒரு கோடு. இருட்டில் எழுதினால் வரி மேல் வரி ஏறும், ஆகவே ஒரு பக்கத்துக்கு ஐந்தே வரி எழுதிப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

செல்போனில் ஒலிப்பதிவோ படப்பிடிப்போ கூடவே கூடாது, கூட்டத்தின் சத்தத்துக்காக என்றாலும் கூடாது. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டருக்குள் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, குறைந்தது மூன்று லட்ச ரூபாய் அபராதம். தாளும் பென்சிலும்தான் உங்கள் கருவி.

தாமதமாக வந்த பாகத்தில் கைதட்டல் இரண்டு வகை. தொப்பி, சாட்டை, ஜான் வில்லியம்ஸின் அந்த இசை, பழைய கூட்டாளி முகம் காட்டும் இடம் ஆகியவற்றுக்கு விழுவது அறிமுகக் கைதட்டல். அதை முந்தைய படங்கள் சம்பாதித்தன, புதுப்படம் செலவு செய்கிறது. சண்டை, துரத்தல், நகைச்சுவை இவற்றுக்கு விழுவது புதுப்படமே சம்பாதித்தது. உங்கள் தாளில் முதல் வகைக்குப் 'ப', இரண்டாவதுக்குப் 'பு' என்று குறியுங்கள். படம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். பத்து கைதட்டலில் எட்டு 'ப' என்றால், வாசலில் எல்லோரும் "செம" என்று சொன்னாலும் ஒரு வாரத்தில் அந்தச் சூடு ஆறிவிடும் என்று எதிர்பார்க்கலாம். பின் வரிசைக்காரரின் தாளும் முன் வரிசைக்காரரின் தாளும் ஒத்துப்போகாத இடங்கள் சுவாரசியமானவை. பின்னால் குடும்பங்கள் நிசப்தமாக இருக்கும் இடத்தில் முன்னால் விசில் பறக்கும்.

இடைவேளையைத் தனியாகக் கவனியுங்கள், இதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஹாலிவுட் படத்தில் இடைவேளை கிடையாது, இங்கே ஓட்டும்போது நடுவில் வெட்டுகிறார்கள். ஐந்தாவது பாகம் 154 நிமிஷம். ஏதோ ஒரு துரத்தலின் நடுவிலோ, பேச்சு மட்டும் ஓடும் இடத்திலோ விளக்கு எரிந்தால், "ஃபர்ஸ்ட் ஹாஃப் லேக்குங்க" என்ற வாக்கியம் பாப்கார்ன் வரிசையிலேயே பிறந்துவிடும். அது இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்டின் குற்றமில்லை. எந்த நிமிஷத்தில், எந்தக் காட்சியில் வெட்டினார்கள் என்று குறித்துக்கொண்டு, "லேக்" என்ற சொல் வந்த சீட்டுகளை அதோடு ஒப்பிடுங்கள். ஒரே படத்தை இரண்டு தியேட்டரில் பார்க்க முடிந்தால் வெட்டிய இடம் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிடலாம்.

வாசலில்

கதவுக்கு நேரே நிற்காதீர்கள். அங்கே எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு வருவார்கள். பைக் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்க வரிசை நிற்கும் இடம்தான் சரி. ஆள் நிற்கிறார், கையில் வேலை இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார்.

நேரமும் பதிலை மாற்றும். மாலை 6.30 காட்சி என்றால் விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து இந்த நீளப் படம் முடிய ஒன்பதரை ஆகும். அம்மாப்பேட்டைக்கும் கொண்டலாம்பட்டிக்கும் டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு ஓடுவார். செகண்ட் ஷோ முடிந்து வருகிறவர் தூக்கக் கலக்கத்தில் எந்தப் படத்தையும் நீளம் என்பார். ஏற்காட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவையும் மேலே இறங்கும் பனியையும் நினைத்துப் பகல் காட்சிக்குத்தான் வருவார்கள். மலைக்காரர்களின் கருத்து வேண்டுமென்றால் பகலில் நில்லுங்கள். மொத்தத்தில் காலைக் காட்சி, பகல் காட்சி, மாலைக் காட்சி மூன்றிலும் ஒவ்வொரு நாள். முதல் நாள் முதல் காட்சியை மட்டும் எடுத்தால் கிடைப்பது ரசிகர்களின் குரல்.

ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக், அதற்குப் பஞ்சு உறை. கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேராக இல்லாமல் தாடைக்குப் பக்கவாட்டில், இல்லாவிட்டால் 'ப' எழுத்தெல்லாம் வெடிக்கும். போனை விமான நிலையில் போடாமல் பதிவு செய்தால் நல்ல பதில் வரும்போது அழைப்பு வரும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் பெற்றோர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

பின்சீட்டிலும் மைக்கிலும் கேள்விகள் நான்கு, இந்த வரிசையில் (விருப்பம் இருந்தால் பின்சீட்டின் கீழே போன் எண்ணும்):

"வீட்டுக்குப் போனதும் எந்த சீனைச் சொல்லுவீங்க?" இது முதலில். பிடித்ததா இல்லையா என்று ஆள் இன்னும் முடிவு செய்யாத நிலையில் அவருக்குள் ஒட்டியிருப்பது எது என்று இதில் தெரியும். பதிலாக வருவது பழைய பாகத்தின் சீன் என்றால், அதுவே ஒரு கருத்துதான், அப்படியே எழுதுங்கள்.

"எந்த இடத்துல மணி பார்த்தீங்க?" சலிப்பாக இருந்ததா என்று கேட்டால் மரியாதைக்கு இல்லை என்பார்கள். மணி பார்த்ததை ஒத்துக்கொள்ள யாரும் கூச்சப்படுவதில்லை. இந்தப் பதிலை உள்ளே எடுத்த 'போன் வெளிச்சம்' குறியோடு பொருத்திப் பாருங்கள்.

"எது நம்பவே முடியலை?" இதற்குப் பின்னால் ஒரு துணைக் கேள்வியும் கையில் இருக்க வேண்டும், அதைக் கீழே விளக்குகிறோம்.

"இந்த வயசுல இவரைப் பார்த்தப்ப என்னங்க தோணுச்சு?" இது கடைசியில்தான். முதலிலேயே கேட்டால் மற்ற மூன்று பதிலும் வயதைச் சுற்றியே வரும்.

மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2008 படத்தில் நாயகன் ஈயத் தகடு பதித்த ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்துகொண்டு அணுகுண்டுச் சோதனையிலிருந்து தப்பிப்பான். இந்தக் காட்சியின் பேரில் ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்கே பிறந்துவிட்டது, ஒரு வரிசை தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு. விமர்சகர்கள் பெரும்பாலும் நல்லபடியாகவே எழுதிய படம் அது. ரசிகர்களின் ஞாபகத்தில் தங்கியது ஃபிரிட்ஜ். ஆனால் 1984 படத்தில் இதே நாயகன் ஓடும் விமானத்திலிருந்து ரப்பர் படகோடு குதித்துப் பனிமலையில் வழுக்கி ஆற்றில் இறங்குவான். அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே அளவுக்கு நடக்காத காரியம். மாறியது பார்த்தவரின் வயது. பன்னிரண்டு வயதில் படகை நம்பியவர் முப்பத்தாறு வயதில் ஃபிரிட்ஜை நம்ப மாட்டார்.

ஆகவே ஒருவர் புதுப் பாகத்தில் ஒரு காட்சியை "ஓவருங்க" என்று சொன்னால் உடனே, மறுத்துப் பேசும் தொனி இல்லாமல், "ரெண்டாவது பாகத்துல படகோட குதிப்பாரே, அது?" என்று கேளுங்கள். மூன்று விதமாகப் பதில் வரும். சிரித்துவிட்டு "அதுவும் ஓவர்தான், ஆனா ஜாலியா இருந்துச்சு" என்பவர் தன் சின்ன வயதைச் சொல்கிறார். "அதுல நிஜமாவே பனி இருந்துச்சு, இதுல கம்ப்யூட்டர்னு தெரியுது" என்பவர் எடுத்த விதத்தைச் சொல்கிறார், அது நியாயமான தொழில்நுட்பக் குறை. "அதையும் போன வாரம்தான் பார்த்தேன், ரெண்டுமே ஒண்ணுதான்" என்பவர் செல்போன் பெட்டிக்காரர், அவர் பதிலுக்கு இந்த விஷயத்தில் எடை அதிகம். இந்த ஒரு துணைக் கேள்வி, பத்து நட்சத்திர மதிப்பீடுகளுக்குச் சமம்.

இரண்டாவது பாகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊர்க்காரர்களிடம் இன்னொரு நரம்பும் துடிக்கும். கதை இந்தியாவில் நடக்கிறது. திரைக்கதையை ஆட்சேபித்து இந்திய அரசு அனுமதி தராததால் படப்பிடிப்பு இலங்கையில் கண்டிப் பக்கம் நடந்தது. விருந்தில் குரங்கு மூளை பரிமாறும் காட்சியைப் பார்த்து இங்கே கோபப்படுகிறவர்கள் இன்றும் உண்டு, அந்தக் கோபம் சரியானது. அதே படத்தில் வில்லன் மோலா ராமாக வந்த அம்ரிஷ் பூரியை நம்மவர்கள் 1991-ல் 'தளபதி'யில் பார்த்தார்கள், அந்த அடையாளத்தால் படத்தோடு ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. இரண்டு உணர்ச்சியும் புதுப் பாகத்தின் கணக்கில் ஏறிவிடக் கூடாது. தனி வரியில் எழுதுங்கள்.

டப்பிங் விஷயமும் அப்படித்தான். ஐந்தாவது பாகம் 1944-ல் நடக்கும் முன்கதையோடு தொடங்குகிறது, அதில் ஃபோர்டின் முகத்தைக் கணினியால் இளமையாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பார்த்தவர்கள் பலர் சொன்ன குறை, முகம் இளமை, குரல் கிழம் என்பது. தமிழில் பார்க்கிறவருக்குக் குரல் வேறொருவருடையது, ஆகவே இந்தக் குறையே எழாது. வெள்ளைச் சீட்டையும் மஞ்சள் சீட்டையும் ஒன்றாகக் கொட்டினால் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். டப்பிங் குரல் பழைய டிவிக் குரல் மாதிரி இல்லை என்ற குறை வந்தால், அதுவும் ஒரு தனி இழப்புதான், குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாக நிற்பவர்களிடம் ஒருவர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். சீட்டை எல்லோரும் எழுதி மடித்துக் கொடுத்த பிறகுதான் மைக்கை எடுக்க வேண்டும். அதற்குமேலும் உண்மை வேண்டுமென்றால் தட்டுவடை செட் வண்டிக்குப் போங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் சீவிப் போட்டு, பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவித் தரும் அந்த நேரம், காத்திருந்து தின்று முடிக்க ஒரு பத்து நிமிஷம், அதில்தான் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவார்கள். "நீ என்னடா வாசல்ல சூப்பர்னு சொன்ன?" என்ற வாக்கியம் அங்கேதான் விழும். அனுமதி கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

'பரவாயில்லைங்க' என்றால் என்ன

நம் ஊரில் பிடிக்கவில்லை என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. எழுத்தில் 'பரவாயில்லை' என்று மட்டும் குறித்துவந்தால் வீட்டில் உட்கார்ந்து ஒன்றும் புரியாது. "பரவால்லீங்களே" என்று கடைசி எழுத்து மேலே ஏறினால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்று பொருள். "ம்ம்... பரவால்லைங்க" என்று முன்னால் ஒரு மூச்சு வந்தால் ஏமாற்றம். "பரவால்ல, பரவால்ல" என்று இரண்டு முறை வேகமாக வந்தால் ஆளை விடுங்கள் என்று பொருள், அவரிடம் அடுத்த கேள்வி கேட்காதீர்கள். எழுதும்போதே பக்கத்தில் மேல் அம்பு, கீழ் அம்பு, பெருக்கல் குறி என்று போட்டுக்கொள்ளுங்கள்.

"ஒருவாட்டி பார்க்கலாம்" என்பது நல்ல சொல் என்று நினைக்காதீர்கள், காசு கொடுத்ததற்குச் சமாதானம் அது. "குழந்தைங்களுக்குப் பிடிக்கும்" என்று சொன்னால் தனக்குப் பிடிக்கவில்லை. "அவருக்காகப் பார்க்கலாம்" என்பது தாமதமாக வந்த பாகங்களுக்கென்றே உள்ள வாக்கியம். படத்தைக் கைவிட்டுவிட்டு நடிகரைக் காப்பாற்றுகிறார். இந்த வாக்கியம் எத்தனை சீட்டில் வருகிறது என்று தனியாக எண்ணுங்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஒப்பீடு வேறு பக்கம் போகும். ஹாலிவுட்டின் பழைய பாகங்களை விட்டுவிட்டு, "இதெல்லாம் ஜெய்சங்கர் அப்பவே பண்ணிட்டாருங்க" என்பார்கள். தட்டிக்கழிக்க வேண்டாம். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' எல்லாம் இந்த ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தவை. அதே நிறுவனம் 1952-ல் அமெரிக்க நடிகர்களை வைத்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலக் காட்டு சாகசப் படத்தையே அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தது. ஏற்காடு சாலையில் அந்த நிறுவனத்தின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் நாம் மலைக்குப் போகிறோம். சாகசப் படம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் கையில் ஒரு அளவுகோல் உள்ளூரிலேயே இருந்தது. அவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு பெட்டி வைத்தாலும் தகும்.

வராதவர்கள்

இதை யாரும் செய்வதில்லை, இதுதான் பாதி உண்மை. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குகிறது. நான்காவது பாகத்துக்கு 'பி', ஐந்தாவதுக்கு 'பி பிளஸ்'. ஐந்தாவது அரைப்படி மேல். வசூலைப் பாருங்கள்: நான்காவது உலகெங்கும் சுமார் 79 கோடி டாலர், ஐந்தாவது சுமார் 38 கோடி, அதுவும் அதைவிட அதிகச் செலவில் உருவான படத்துக்கு. வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் பாதிப் பேர்தான் வந்தார்கள். வாசலில் மட்டும் நிற்கிறவருக்கு இந்தப் பாதி கண்ணிலேயே படாது.

ஆகவே ஒரு நாளை தியேட்டருக்கு வெளியே செலவழியுங்கள். புதிய பஸ் நிலையம், ஏதாவது ஒரு கல்லூரி வாசல், ஏற்காட்டில் ஏரிக்கரை, இந்த மூன்று இடத்தில் இருபது இருபது பேர். கேள்வி இரண்டு: "இந்தப் படம் வந்திருக்கிறது தெரியுமா?", தெரிந்தால் "ஏன் போகலை?" இளைஞர்களிடம் "முந்தினது எதுவும் பார்க்கலை, போனாப் புரியாது" என்ற பதில் அடிக்கடி வந்தால், படத்தின் தரத்தைப் பற்றி நீங்கள் எழுதப்போகும் எதையும்விட அது முக்கியம். "ஓடிடியில வரும்ல" என்பவர்களைத் தனியாகக் குறித்து, விருப்பம் இருந்தால் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அது வீட்டுக்கு வரும் நாளில் அவர்களுக்கும் அதே நான்கு கேள்வி.

எண்ணுவதும் எழுதுவதும்

சீட்டுகளை முதலில் பெட்டிவாரியாகப் பிரித்து, பிறகுதான் எண்ண வேண்டும். ஒரு பெட்டியில் முப்பதுக்குக் குறைவாக இருந்தால் சதவீதம் போடாதீர்கள். "டெக்கில் பார்த்த 12 பேரில் 7 பேர்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு அளவு தெரியும், "58 சதவீதம்" என்று எழுதினால் ஊரே சொன்ன மாதிரி ஆகிவிடும். "சேலம் மக்கள் தீர்ப்பு" என்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். நாள், காட்சி நேரம், மொழி, எத்தனை சீட்டு, இடைவேளை எங்கே விழுந்தது, இந்த ஐந்தும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

அவர்கள் பேசியதைத் திருத்தாதீர்கள். "கிழவனானாலும் கெத்துங்க" என்று சொன்னதை "முதுமையிலும் கம்பீரமாக இருந்தார்" என்று மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுவார். பெயர் வேண்டாம், "44 வயது, முதலில் பார்த்தது கேசட்டில்" என்பது போதும். முடிவைச் சொல்லிவிடும் பதில்களை மட்டும் தனியாக எடுத்து வைத்து, படம் தியேட்டரை விட்டுப் போன பிறகு பயன்படுத்துங்கள்.

ஏழாம் நாள், போன் எண் கொடுத்தவர்களில் பதினைந்து பேரையாவது கூப்பிடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், இரண்டு நிமிஷத்துக்கு மிகாமல். ஒரே கேள்வி: "அந்தப் படத்துல இப்ப என்ன ஞாபகம் இருக்குதுங்க?" அவர் சொல்வதை, முதல் நாள் பின்சீட்டில் வீட்டில் சொல்வேன் என்று எழுதிய சீனுக்குப் பக்கத்தில் அதே எண்ணில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றானால் அந்தக் காட்சி தங்கிவிட்டது. மாறியிருந்தால் எதுவாக மாறியது என்று பாருங்கள், அது பெரும்பாலும் பழைய பாகத்தின் காட்சியாகவோ, இடையில் செல்போனில் பார்த்த யாரோ ஒருவரின் கேலித் துண்டாகவோ இருக்கும். முதலாவதானால் சீட்டில் 'ப', இரண்டாவதானால் 'வெளி'. கட்டுரை வெளியானதும் தொலைபேசி எண் எழுதிய பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, மீதிச் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு, மேலே படத்தின் பெயரும் ஆண்டும் எழுதி எடுத்து வையுங்கள். அடுத்த பாகம் வரும்போது அவை தேவைப்படும்.